கோதுமைக் கணக்கு

நல்ல உயர்ந்த ரக டச்சு சிப்பி. கடலில் கிடைக்குமே, அந்தச் சிப்பிதான். தினமும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அளந்து ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். மருந்தாக அல்ல. சாப்பாடே அதுதான்.

லண்டனில் நடந்த சங்கதி இது. எழுதி வைத்தவர் சாமுவேல் ஜீ என்கிற டாக்டர். 1887ம் வருடம் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு சொற்பொழிவு செய்தார். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. விஷயம், குழந்தைகளுக்கு வரும் ஒரு விசித்திரமான வயிற்று நோய். வயிறு உப்பிக்கொள்ளும். கை கால் குச்சியாகும். மலம் வெளுத்து, நுரைத்து, நாற்றமெடுத்துப் போகும். குழந்தை வளராது. ஒரு நாள் இறந்து போகும்.

சிப்பி தின்ற குழந்தை என்ன ஆனது? அபாரமாகத் தேறியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சிப்பி சீஸன் முடிந்தது. நோய் திரும்பி வந்தது. சரி, அடுத்த சீஸன் வரட்டும் என்று காத்திருந்து மறுபடி சிப்பியை நீட்டினால், குழந்தை வாயைத் திறக்க மறுத்துவிட்டது. பாவம், எத்தனை நாள்தான் அதையே தின்னும்?

குணமாகும் என்றால் அது சாப்பாட்டால்தான் ஆகும் என்று ஜீ அடித்துச் சொன்னார். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எந்தச் சாப்பாடு? அரிசி ஆகாது, ஜவ்வரிசி ஆகாது என்றார். ரொட்டியை மெல்லிசாக வெட்டி, இரு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றார்.

அதாவது, எது நல்லதோ அதை வேண்டாம் என்றார். எது விஷமோ அதை டோஸ்ட் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

ஜீ முட்டாள் இல்லை. அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான டாக்டர்களில் ஒருவர். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பரிசோதனை. நாம் நினைப்பது சரியா தப்பா என்று முகத்திலடித்தாற்போல் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனை.

இன்றைக்கு உங்கள் தெருமுனையில் ஒரு லேப் இருக்கிறது. போன் செய்தால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். 'குளூட்டன் ஒத்துக்கொள்கிறதா பாருங்கள்', 'குடல் ஆரோக்கிய பேக்கேஜ்' என்று விதவிதமாக விளம்பரம். ஜீக்கு இல்லாத வசதியெல்லாம் நமக்கு உண்டு. ஆனால் எந்த டெஸ்டை நம்புவது? அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு டெஸ்டும் எங்கிருந்து வந்தது, எங்கே கோட்டை விட்டது என்று பார்த்துவிடுவது நல்லது.

*

நோய்க்குப் பெயர் சீலியாக். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கப்படோஷியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்கிற கிரேக்க வைத்தியர் சுமார் 1,800, 1,900 வருடங்களுக்கு முன்பே இப்படியொரு வயிற்றுக் கோளாறை எழுதி வைத்திருக்கிறார். அவருக்கும் காரணம் தெரியாது.

1924க்கு வருவோம். நியூயார்க். சிட்னி ஹாஸ் என்கிற குழந்தை மருத்துவர். இவருக்கு ஒரு தகவல் கிடைத்தது. போர்ட்டோரிகோ தீவில் ரொட்டி சாப்பிடும் பட்டணத்துக்காரர்களுக்கு இதே மாதிரி ஒரு குடல் நோய் வருகிறது. வாழைப்பழத்தை நம்பி வாழும் விவசாயிகளுக்கு வருவதில்லை.

இந்த இரண்டு வரியையும் உங்களிடம் கொடுத்தால் எதைச் சந்தேகிப்பீர்கள்? ரொட்டியை. ஹாஸ் கண்ணில் வாழைப்பழம் மட்டும்தான் பட்டது. வாழைப்பழத்தில் ஏதோ மாயம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். எட்டுப் பேருக்கு வாழைப்பழ வைத்தியம். அத்தனை பேரும் தேறினார்கள். வாழைப்பழம் கொடுக்கப்படாத இருவரும் இறந்து போனார்கள்.

எட்டுக்கு எட்டு! இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வாழைப்பழ வைத்தியம் ஊரெல்லாம் பரவியது. எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. அது பொய்யில்லை.

ஆனால் ஹாஸின் உணவுப் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது. ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாம் கூடாது. குழந்தைகளைக் காப்பாற்றியது அந்த வரி. பாராட்டு வாங்கியது வாழைப்பழம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதை ஒரு மாதிரிதான் சொல்ல வருகிறது. பணம் வந்தது நிஜம். ஆனால் தப்பான பேரேட்டில் வரவு வைத்துவிட்டார்கள். கூட்டல் சரியாக வரும், கல்லாவும் டாலி ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. பிரச்னை பிறகுதான் வெடிக்கும். இங்கேயும் வெடித்தது. தேறிய குழந்தைக்கு நோய் போய்விட்டது என்று சொல்லி வழக்கமான சாப்பாட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கமான சாப்பாடு என்றால் அமெரிக்காவில் ரொட்டிதானே? உள்ளே குடல் மறுபடி அரிக்கப்பட ஆரம்பித்தது. வெளியே தெரியப் பல வருடம் ஆகும்.

*

ரொட்டியைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஒரு டச்சுக்காரர். வில்லெம் டிக்கெ. ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு 1936ல் வந்தபோது அவருக்கு வயது 31.

இவரைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம். 1944, 45. ஜெர்மானியர் பிடியில் இருந்த மேற்கு ஹாலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி இல்லை. ஜனங்கள் துலிப் பூவின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். ஊரே எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்க, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின. பஞ்சம் நீங்கி ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டன. டிக்கெ மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

சினிமாவுக்குப் பிரமாதமான காட்சி. ஆனால் விளக்கு எரிந்தது அப்போது இல்லை. கோதுமையும் ரொட்டியும் இல்லாத உணவுமுறை பற்றி டிக்கெ 1941லேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். பஞ்சத்துக்கு மூன்று வருடம் முன்பு. பஞ்சம் அவர் சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தது, அவ்வளவே.

அவர் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஹாஸுக்கும் டிக்கெவுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஒரு குழந்தை தேறியதென்றால், எதைச் சேர்த்தோம் என்று மட்டும் பார்க்கவில்லை. எதை எடுத்தோம் என்றும் பார்த்தார். அப்புறம் எடுத்ததைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை கொடு, எடு. மறுபடி கொடு, எடு. மாதக்கணக்கில். வருடக்கணக்கில். 1950ல் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்தில் இதையெல்லாம் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

குழந்தை தெம்பாக இருக்கிறது என்று சொன்னால் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வார்களா? அளவு வேண்டும். அதற்கு உதவியவர் வான் டி காமர் என்கிற ரசாயன நிபுணர். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வெளியேறுகிறது என்று துல்லியமாக அளக்க 1949ல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் குடல் சாப்பாட்டை உறிஞ்சுகிறதா, வீணடிக்கிறதா என்று எண்ணில் தெரிந்தது. கோதுமை கொடுத்தால் கொழுப்பு வெளியேற்றம் ஏறியது. நிறுத்தினால் இறங்கியது.

அதே சமயம் இங்கிலாந்தில் பர்மிங்காம். சார்லட் ஆண்டர்சன் குழுவினர் கோதுமை மாவைக் கழுவி, மாவுச்சத்தைத் தனியே பிரித்தார்கள். மாவுச்சத்தைக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. கழுவிய பிறகு ரப்பர் மாதிரி பிசுக்கென்று மிஞ்சுகிறதே, அதைக் கொடுத்தால் நோய் திரும்பியது. பரோட்டா மாஸ்டர் மாவை விசிறும்போது கிழியாமல் இழுபடுகிறதல்லவா? அந்த இழுவைக்குக் காரணமான புரதம். குளூட்டன். 1952ல் முடிவை வெளியிட்டார்கள்.

குற்றவாளி கிடைத்தாயிற்று. கோதுமை, பார்லி, ரை. அரிசி நிரபராதி. ஜீயின் தீர்ப்பு தலைகீழானது.

*

குற்றவாளி உள்ளே போய் என்ன செய்கிறான் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

நம் சிறுகுடலின் உள்பக்கம் வழவழ குழாய் இல்லை. டர்க்கி டவலைத் தொட்டுப் பாருங்கள். பொசுபொசுவென்று நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் போல லட்சக்கணக்கான நுண்ணிய விரல்கள். குடலுறிஞ்சிகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டின் சத்தை இழுத்துக்கொள்வது அவைதான். சீலியாக் நோயாளிக்குக் குளூட்டன் பட்டால், உடம்பின் பாதுகாப்புப் படையே இந்த விரல்களைத் தாக்கி மழித்துவிடும். டவல் தேய்ந்து போன வேட்டியாகிவிடும்.

1956ல் மார்கோ ஷைனர் என்கிற பெண் மருத்துவர், பெர்லினில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றியவர், வயிற்றைக் கிழிக்காமலேயே வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார். அடுத்த வருடமே அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கிராஸ்பி ஒரு மாத்திரை செய்தார். உள்ளே சுருள்வில், குட்டிக் கத்தி. நூல் மாதிரி ஒரு குழாயோடு விழுங்க வேண்டும். வெளியே சிரிஞ்சால் இழுத்தால் உள்ளே கத்தி சரக்கென்று ஒரு துணுக்கை வெட்டிக்கொள்ளும். படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறதா? இன்றைய எண்டோஸ்கோப்பிக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆக, இனி பயாப்ஸியில் விரல்கள் மழிந்திருந்தால் சீலியாக். முடிந்தது வழக்கு.

முடியவில்லை. முடியவிடாமல் செய்த ஊர்களில் ஒன்று நம்முடைய வேலூர்.

1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு கிராமங்களில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு கொள்ளை நோய் மாதிரி பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இதை ஆராய்ந்தார்கள். டிராபிகல் ஸ்ப்ரூ என்று பெயர். பயாப்ஸி எடுத்தால் குடலுறிஞ்சிகள் சிதைந்திருந்தன. ஆனால் இவர்கள் அரிசிச் சோறு தின்னும் ஜனங்கள். கோதுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. நோயே இல்லாத நம்மூர்க்காரர்களின் குடல்கூட வெள்ளைக்காரர்களின் பாடப்புத்தகப் படம் மாதிரி நீட்டு நீட்டு விரல்களோடு இல்லை.

புரிகிறதா? மைக்ராஸ்கோப் பொய் சொல்லாது. ஆனால் அதில் தெரிவதற்கு என்ன அர்த்தம் என்பதை, துணுக்கு எந்த ஊர்க்காரரின் வயிற்றிலிருந்து வந்தது என்று கேட்காமல் சொல்ல முடியாது. லேப் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

*

அடுத்து ரத்தப் பரிசோதனை. முதலில் வந்தது கிளையடினுக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும் டெஸ்ட். கிளையடின் என்பது குளூட்டனின் ஒரு பகுதி. நல்ல யோசனைதான். ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்கள் பலர் ரத்தத்திலும் அது இருந்து தொலைத்தது. 1983ல் எண்டோமைசியல் ஆன்டிபாடி என்று ஒன்று வந்தது. மிக நம்பகமானது. ஆனால் அதற்குக் குரங்கின் உணவுக்குழாயை மெல்லிய சீவல்களாக நறுக்க வேண்டும், அனுபவசாலி ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். எத்தனை ரத்த மாதிரி, எத்தனை குரங்கு?

1997ல் பெர்லினில் வால்பர்கா டீட்டரிஷ், டெட்லெஃப் ஷுப்பன் குழுவினர் முடிச்சை அவிழ்த்தார்கள். அந்த ஆன்டிபாடி உண்மையில் குறி வைப்பது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்கிற என்ஸைமை. நம் உடம்பின் சொந்தச் சரக்கு. சுருக்கமாக டி.டி.ஜி. இனி குரங்கு வேண்டாம், எந்திரமே எண் சொல்லிவிடும். ஆரம்ப காலக் கிட்களில் கினிப் பன்றியின் ஈரலிலிருந்து எடுத்த என்ஸைமைப் போட்டார்கள். விளைவு, கல்லீரல் நோயாளிகள் சிலருக்குத் தப்பாக பாசிட்டிவ் வந்தது. பிறகு மனித என்ஸைமுக்கு மாறினார்கள்.

இன்றைக்கு உலகமெங்கும் முதல் டெஸ்ட் இந்த டி.டி.ஜி. ஐஜிஏ தான். குழந்தைகளுக்கு இது வழக்கமான உச்ச வரம்பைப் போல பத்து மடங்கு இருந்து, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் எண்டோமைசியலும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்று ஐரோப்பிய குழந்தை மருத்துவர்கள் 2020ல் வழிகாட்டுதல் தந்தார்கள்.

இவ்வளவு நல்ல டெஸ்டை எப்படிக் கெடுப்பது? மூன்று சுலப வழிகள் இருக்கின்றன.

ஒன்று. டெஸ்டுக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுவது. 'எதற்கு வம்பு, இரண்டு மாதமாகச் சப்பாத்தியைத் தொடவில்லை சார்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு ரத்தம் கொடுத்தால் போச்சு. குளூட்டன் நின்றால் ஆன்டிபாடி இறங்கிவிடும். நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்ட பிறகே பரிசோதிக்க வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். நிறுத்தியவர்கள் மறுபடி ஆரம்பிப்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யவேண்டும்.

இரண்டு. ஐஜிஏ என்பது ஒரு வகை ஆன்டிபாடி. சிலருக்குப் பிறவியிலேயே அது உடம்பில் உற்பத்தி ஆகாது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு அப்படி. சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு. சரக்கே இல்லாத கடையில் திருட்டுப் போகவில்லை என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படி? அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உங்கள் லேப் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது வழி கொஞ்சம் சுவாரசியமானது. அதற்கு இந்தியக் கணக்குக்கு வரவேண்டும்.

*

வட இந்தியக் குழந்தைகளுக்கும் சீலியாக் உண்டு என்று 1966லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஆனாலும் ரொம்ப காலம் இது வெள்ளைக்காரர் வியாதி என்றே பலர் நினைத்தார்கள். 2016ல் ஒரு பெரிய ஆய்வு முடிவு வெளியானது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். சீலியாக் ஆன்டிபாடி இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவிகிதம். வடகிழக்கே 0.87. தெற்கே வெறும் 0.10. அதாவது நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர்.

நமக்கு அந்த மரபணு இல்லையோ? அதையும் பார்த்தார்கள். இந்த நோய் வர டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 மரபணு தேவை. வடக்கே 38.1 சதவிகிதம் பேரிடம் இருந்தது. தெற்கே 36.4. கிட்டத்தட்ட சமம். அப்புறம் தட்டைப் பார்த்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரி கோதுமை வடக்கே 455 கிராம். தெற்கே 25 கிராம். ஆகா, இதுதான் காரணம் என்று துள்ளாதீர்கள். வடகிழக்கே கோதுமை 37 கிராம்தான். அங்கே நோய் மட்டும் ஏன் அவ்வளவு? ஹாஸ் மாதிரி அவசரப்பட்டு வரவு வைக்கக்கூடாது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மரபணு டெஸ்ட் எடுத்து 'பாசிட்டிவ்' என்று வந்தால் அழவேண்டியதில்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படித்தான். அதில் பெரும்பாலோருக்கு நோய் வரப்போவதில்லை. ஆனால் நெகட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. சீலியாக் அநேகமாக இல்லை என்று தள்ளிவிடலாம்.

இரண்டாவதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு டெஸ்ட் நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் தப்பாக பாசிட்டிவ் காட்டும் என்று வையுங்கள். அருமையான டெஸ்ட்தான். தெருவில் போகிற ஆயிரம் தமிழர்களைக் கூப்பிட்டுச் சோதிக்கிறோம். நிஜ நோயாளி ஒருவர். அவர் மாட்டிக்கொள்வார். மீதி 999 பேரில் தப்பாக மாட்டுகிறவர்கள் சுமார் இருபது பேர். மொத்தம் 21 பாசிட்டிவ். அதில் நிஜம் ஒன்றே ஒன்று!

இப்போது அதே டெஸ்டை வேறு ஆயிரம் பேருக்குச் செய்வோம். காரணம் தெரியாத ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வளராத குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்குச் சீலியாக். இப்படி டாக்டர் பொறுக்கி எடுத்த கூட்டம். இவர்களில் நூறு பேருக்கு நோய் இருக்கிறதென்றால் 100 நிஜம், 18 தப்பு. அதே லேப். அதே எந்திரம். அதே கிட். ரிப்போர்ட்டின் மதிப்பு எங்கோ போய்விட்டது.

கெடுக்கும் மூன்றாவது வழி இதுதான். எந்த அறிகுறியும் இல்லாமல், சும்மா இருக்கட்டும் என்று பேக்கேஜில் போட்டுப் பார்ப்பது.

*

'அதெல்லாம் சரி, எனக்குச் சீலியாக் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பூரி சாப்பிட்டால் வயிறு ஊதுகிறதே?' என்கிறீர்களா?

நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக் கழகத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர் 2011ல் 34 பேரை வைத்துச் சோதித்து, சீலியாக் இல்லாதவர்களுக்கும் குளூட்டன் தொல்லை தரலாம் என்று எழுதினார்கள். உலகம் முழுக்கப் பேச்சு. கடைகளில் 'குளூட்டன் இல்லை' என்று ஒட்டிய டப்பாக்கள் குவிந்தன. அதே குழு, தன் முடிவின் மீதே சந்தேகப்பட்டு 2013ல் இன்னும் கறாராக 37 பேரைச் சோதித்தது. வாயு உண்டாக்கும் சிலவகை சர்க்கரைகளை முதலில் சாப்பாட்டிலிருந்து குறைத்துவிட்டு, அப்புறம் யாருக்கு எது என்று தெரியாமல் குளூட்டனைக் கொடுத்தார்கள். தனியாகக் குளூட்டனால் ஒரு விளைவும் தெரியவில்லை. 2018ல் ஆஸ்லோவில் 59 பேரிடம் நடந்த சோதனையில், கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்கிற மாவுப்பொருளே குளூட்டனைவிட அதிகம் படுத்தியது. வெங்காயம், பூண்டிலும் இருக்கும் அதே ஃப்ரக்டான்.

சபாஷ் போடவேண்டும். ஹாஸ் செய்யாத காரியத்தைக் கிப்சன் செய்தார். தன் பேரேட்டைத் தானே தணிக்கை செய்தார்.

சீலியாக் அல்லாத இந்தக் குளூட்டன் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இன்றுவரை நிரூபணமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஒன்றுகூட. ஆனால் விற்பனைக்கு மட்டும் இருக்கிறது! கோதுமை, பால், முட்டை, துவரம்பருப்பு என்று நீளமான பட்டியல் போட்டு, ஐஜிஜி அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராகக் காட்டும் ரிப்போர்ட். ஒரு பொருளை நீங்கள் அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி உண்டாவது இயல்பு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களிடமே காசு வாங்கிக்கொண்டு சொல்வது மாதிரி. இந்த வகை டெஸ்ட் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008லேயும், அமெரிக்க அமைப்பு 2010லேயும் சொல்லியாகிவிட்டது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்களைப் பட்டியலிட்டு மார்க் போடும் டெஸ்டும், எது நல்ல மார்க் என்று இன்னும் முடிவாகாத பரீட்சைதான்.

பணம் போனால் போகட்டும். ரிப்போர்ட்டில் சிவப்பாக இருக்கிறதென்று ஒரு குழந்தையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் பருப்பையும் எடுத்துவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். வளர வேண்டிய வயது அது.

*

ஆகவே, லேப் தேர்ந்தெடுப்பது எப்படி?

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். லேப் முழுமைக்கும் அல்ல, நீங்கள் எடுக்கப் போகிற அந்த டெஸ்டுக்கு. ஒரே லேப்பில் சில டெஸ்டுக்கு இருக்கும், சிலதுக்கு இருக்காது. கேட்டால் சொல்லவேண்டும். ரிப்போர்ட்டில் எண் மட்டும் போதாது, அந்த கிட்டின் உச்ச வரம்பும் அச்சாகியிருக்க வேண்டும். லேப்புக்கு லேப் கிட் மாறும். ஒரு லேப்பின் 30ம் இன்னொரு லேப்பின் 30ம் ஒன்றல்ல. சிகிச்சைக்குப் பிறகு அளவு இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு அதே லேப்புக்குத்தான் போகவேண்டும். எண்டோஸ்கோப்பி என்றால் ஒரு துணுக்கு போதாது. சேதம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் பல இடங்களில் எடுக்க வேண்டும்.

'நான் கோதுமையே சாப்பிடுவதில்லை' என்று டாக்டரிடம் சொல்லுமுன் சமையலறையை ஒரு சுற்று பாருங்கள். ரவை உப்புமா கோதுமை. சேமியா பாயசம் கோதுமை. மைதா கோதுமை. மால்ட் பானம் பார்லி. அவ்வளவு ஏன், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட பெரும்பாலும் கோதுமை மாவு உண்டு. நிஜமான சீலியாக் நோயாளிக்கு அந்தச் சிட்டிகையும் விஷயம்தான். ஆயுள் முழுக்க. அவருக்குப் பத்தியம் ஃபேஷன் இல்லை, அதுதான் மருந்து. கவனிக்காமல் விட்டால் ரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தையின்மை, அபூர்வமாகக் குடல் புற்றுநோய் வரை போகும். அதனால்தான் டெஸ்ட் தப்பாகிவிடக் கூடாது என்று இத்தனை பேச்சு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, குழந்தை வளராமலிருப்பது. இதில் எதுவாக இருந்தாலும் பேக்கேஜ் தேடாதீர்கள். நேராகக் குடல் நோய் நிபுணரிடம் போங்கள். என்ன டெஸ்ட், எப்போது, எதற்கு என்று அவர் சொல்லட்டும். அதுவரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்.

டிக்கெ 1962ல் காலமானார். டி.டி.ஜி. கண்டுபிடிக்க இன்னும் 35 வருடம் பாக்கி இருந்தது. அவரிடம் இருந்தது ஒரு தராசு, குழந்தைகளின் சாப்பாட்டுக் கணக்கு, மலத்தை அளக்கும் ஒரு நண்பர், அவ்வளவுதான். ஆனால் கொடுத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், தேறிய பிறகும் நம்பாமல் மறுபடி கொடுத்துப் பார்த்தார். இந்தப் பொறுமை எந்த பேக்கேஜிலும் கிடைக்காது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.